இலாபமும் பொறுப்பும்



காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்கள் புதியவை அல்ல. தம் வயல் நிறைந்த பின்னும் தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் அவருக்கு நட்டம் ஏதுமில்லை. கருகுவது கடைமடையில் உள்ளவரின் பயிர்தான். மோட்டார் வாகனத் தொழிலிலும் இதே சிக்கல் இருக்கிறது.

வாகனம் செய்பவருக்கு இலாபம்; வாங்குபவருக்கு வசதி. ஆனால் புகையைச் சுவாசிப்பவர் யார்? பேருந்துக்குக் காத்து நிற்கும் முதியவரும், பள்ளிக்கு நடந்து வரும் நாமும் அல்லவா? புகையின் நச்சைக் குறைக்கும் கருவிகளுக்குச் செலவு ஆகும். அச்செலவை மிச்சம் பிடித்தால் இலாபம் கூடும். ஆகவேதான் புகைக்கு அரசு அளவு விதிக்கிறது. நம் நாட்டில் அதற்கு ‘பாரத் ஸ்டேஜ்’ என்று பெயர்.

2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 4 நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் ஏறத்தாழ 8,24,000 பழைய வகை வாகனங்கள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இரு சக்கர வாகனங்கள். “தடை உற்பத்திக்குத்தான், இருப்பை விற்க அனுமதி வேண்டும்” என்று நிறுவனங்கள் வாதிட்டன. உற்பத்தியாளரின் வணிக நலனைவிட மக்களின் உடல்நலமே பெரிது என்று கூறி, மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது.

அதன் பின் நடந்ததுதான் சிந்திக்கத் தக்கது. மீதமிருந்த இரண்டே நாட்களில் பெருந்தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கடைகளில் மக்கள் முண்டியடித்தனர்! அப்படியானால் பேராசை விற்றவரிடம் மட்டுமா இருந்தது?

சட்டம் இருந்தும் ஏமாற்றியவர் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனையின்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் கணினி நிரலை டீசல் கார்களில் வைத்திருந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதை வெளிப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. சிக்கனமாகச் சேர்க்க நினைத்த இலாபம், அபராதமாகவும் அவப்பெயராகவும் கரைந்தது.

இலாபம் தேடுவது குற்றமன்று. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார் ஆலைகளால் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. பிறர் மூச்சைப் பறித்து இலாபம் தேடுவதே குற்றம். கண்டிப்பான சட்டத்தால் தொழில் அழிந்துவிடவும் இல்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது, எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஆலைகளும் புதிய விதிக்கேற்ற வண்டிகளைச் செய்தன.

தோழியரே! வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு வந்தால் விலை என்ன, மைலேஜ் என்ன என்று பெரியவர்கள் கேட்பார்கள். “இதன் புகை எவ்வளவு?” என்று நாம் கேட்போம். வாங்குபவர் கேட்டால் விற்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைமடைக்கும் நீர் போக வேண்டும் என்று நினைப்பதுதானே நம் மண்ணின் நியாயம்!