நடுவிலிருந்து பரிமாறும் பாற்பலகாரம்

சீஸ் கேக் என்றால் பிஸ்கற் தூளின் மேல் கிறீம் பரப்பிக் குளிரவைத்த பண்டம்தான் எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சுவீடன் நாட்டவரின் 'ஊஸ்த்காக்கா' அப்படியானதன்று. பாற்கட்டிக் கேக் என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் அது போறணையில் வெந்து, இளஞ்சூட்டோடு மேசைக்கு வரும்.

தென் சுவீடனின் ஸ்மோலாந்து மாகாணமே இதற்குப் பேர்போனது. வடக்கேயுள்ள ஹெல்சிங்லாந்திலும் இதே பெயரில் ஒன்று உண்டு. அது கடித்தால் கிறீச்சிடும் அளவுக்கு இறுக்கமானது.

ஸ்மோலாந்து முறையில் பாலில் சிறிது கோதுமை மாவைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 37 பாகைக்குச் சூடாக்குவார்கள். பிறகு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் றெனெற் என்னும் உறைபொருளைச் சேர்ப்பார்கள். பால் திரண்டதும் நீரை வடித்து, முட்டை, கிறீம், சீனி, நறுக்கிய பாதாம் கலந்து வேகவைப்பார்கள். வாசத்துக்கு இரண்டொரு கசப்புப் பாதாமும் போடுவதுண்டு. கசப்புப் பாதாமில் நஞ்சு இருப்பதால் அளவு மீறக்கூடாது. நேரமில்லாதவர்கள் இப்போது கடையில் விற்கும் பாற்கட்டித் திரளை வாங்கிச் செய்கிறார்கள்.

ஒரு நடுத்தரக் கேக்குக்கே 3 லீற்றர் பால் வேண்டும். ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த ஏழைக் குடியானவர் வீட்டில் அவ்வளவு பாலை ஒரே நாளில் எப்படிச் சேர்ப்பது? ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். குறித்த நாளில் தத்தம் பாலைக் குடங்களில் சுமந்து போதகர் இல்லத்துக்குப் போவார்கள். அங்கே போதகரின் மனைவி அதைத் திரட்டிப் பாற்கட்டி செய்வார். வந்தவர்களுக்கு விருந்தும் நடக்கும். வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரோடு கதைக்க அந்தப் பெண்களுக்குக் கிடைத்த நாட்களில் அதுவும் ஒன்று.

கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் விருந்துக்குப் போகும் பெண் வெறுங்கையோடு போவதில்லை. சமைத்த உணவு கொண்டுபோவது வழக்கம். ஸ்மோலாந்தில் அது பெரும்பாலும் ஊஸ்த்காக்காதான்.

பரிமாறும் முறையில்தான் ஒரு சங்கதி இருக்கிறது. அக்காலத்தில் இதைப் பெரிய செப்புப் பாத்திரங்களில் சுட்டார்கள். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோனால் செம்பு களிம்பேறி, பாத்திரத்தைத் தொட்டிருக்கும் பகுதி நஞ்சாகலாம். ஆகவே கௌரவமான விருந்தினர் முதலில் நடுப்பகுதியை எடுப்பார்கள். அடுத்தடுத்த தரத்தினர் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் நிற்பவருக்கு விளிம்புதான் மிஞ்சும். மரியாதை என்று பெயர் வைத்தாலும், ஆபத்தை வரிசையில் பின்னால் நிற்பவரிடம் தள்ளிவிடும் ஏற்பாடாகவே எனக்கு இது தெரிகிறது. பால் சுமந்து வந்த பெண்கள் அந்த வரிசையில் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று செப்புப் பாத்திரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி, பீங்கான் தட்டுகள் வந்துவிட்டன. எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டலாம். இளஞ்சூட்டில் வைத்து, செர்ரி அல்லது ஸ்ட்ரோபெரி ஜாமும் அடித்த கிறீமும் சேர்த்து உண்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய உடனேயோ குளிரவைத்தோ தின்றால் ருசி தெரியாது என்பார்கள். 2004 முதல் நவம்பர் 14ஆம் திகதியை இதற்குரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் காணிப் பற்றாக்குறையும் வாட்ட, ஸ்மோலாந்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. செய்முறையும் கூடவே போயிற்று. கன்சாஸ் மாநிலத்தின் லின்ட்ஸ்போர்க் போன்ற ஊர்களில், சுவீடிஷ் மொழி பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட நத்தாருக்கு ஊஸ்த்காக்கா சுடுகிறார்கள்.