வண்ணத்திற்கு முன் மரத்தைக் கவனிப்போம்

மழை ஓய்ந்ததும் இல்லங்களுக்குப் புதுவண்ணம் பூசுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். வட மாநிலங்களில் தீபாவளிக்கு முன்பும் தமிழகத்தில் பொங்கலுக்கு முன்பும் இப்பணி மும்முரமாக நடைபெறுகிறது. வீட்டின் வெளிப்புறத்தில் கூடுதல் கவனம் வேண்டுவன வாசற்கதவு, நிலை, சன்னல் முதலிய மரப்பகுதிகளே. ஈரத்தை உறிஞ்சினால் மரம் உப்பும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். இதனால் பூச்சில் வெடிப்பு உண்டாகி, அதன் வழியே நீர் புகுந்து மரம் இற்றுப்போகிறது. எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமாயினும், முன்னேற்பாடு சரியில்லையெனில் விரைவில் உரிந்துவிடும்.

முதலில் மரத்தைச் சோதிப்போம். நிலையின் அடிப்பகுதியையும் சன்னலின் கீழ்ச்சட்டத்தையும் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கலாம். முனை எளிதில் உள்ளிறங்கினால், அப்பகுதியைத் தச்சரைக் கொண்டு மாற்றுவதே முறை. நீர்க்கசிவு, கறையான் ஆகியவற்றுக்கும் முதலிலேயே தீர்வு காண வேண்டும்.

உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதும் நீக்கத் தேவையில்லை; உரிந்ததை மட்டும் சுரண்டினால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே, பழைய பூச்சை நெருப்பால் பொசுக்குவதையும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதையும் தவிர்ப்போம். நீரால் நனைத்து, நீரில் பயன்படும் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்வோம். பணியாளருக்கு என்95 முகக்கவசம் தேவை. கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் துகள்களைச் சேகரித்து அகற்ற வேண்டும். பணி முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கே அனுமதிக்கலாகாது.

பின்னர், சோப்பு நீரால் அழுக்கையும் பூஞ்சையையும் கழுவி, மரத்தை நன்கு உலரவிட வேண்டும். தொடர் மழைக்குப் பின் சில நாள் வெயில் அவசியம். பண்டிகை நெருங்குகிறதென்று ஈர மரத்தில் பூசினால் கொப்புளங்கள் எழும். காய்ந்தபின், பூச்சற்ற மரத்தை 80ஆம் எண் உப்புத்தாளாலும் அடுத்து 120ஆம் எண் தாளாலும், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துத் துடைக்கலாம்.

உடனே மரத்திற்கான பிரைமர் பூச வேண்டும். கதவின் மேல், கீழ் விளிம்புகளைப் பலரும் விட்டுவிடுகின்றனர். நீர் மிகுதியாகப் புகுவது அவ்வழியே. பிரைமர் உலர்ந்தபின் மரத்திற்குரிய பட்டியால் வெடிப்புகளையும் ஆணித்துளைகளையும் அடைத்துத் தேய்த்து, அவ்விடங்களில் மீண்டும் பிரைமர் இடலாம். சுவருக்கான சிமென்ட் பட்டி மரத்திற்கு உதவாது.

ஒப்பந்தம் பேசும்போது, சுரண்டுதல், தேய்த்தல், பிரைமர், பட்டி ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பீட்டில் எழுதச் சொல்வோம். பிரைமர் நிலையில் நேரில் பார்த்த பின்னரே அடுத்த தவணையை அளிப்போம். வண்ணம் ஏறிய பின்பு அடியில் நடந்த வேலையைச் சரிபார்க்க வழியில்லை.