ஆகாயம் சொன்ன தப்புக் கணக்கு!

வழி காட்டும் செயற்கைக் கோள்களில் யார் சொல்வது சரி?

2014–ம் ஆண்டு ஏப்ரல் 2–ந்தேதி. மாஸ்கோ நகரில் நள்ளிரவு தாண்டிய நேரம்.

ரஷியாவின் "குளோனாஸ்" செயற்கைக் கோள்கள் திடீர் என்று உளறத் தொடங்கின. ஒன்று, இரண்டு அல்ல, கூட்டம் முழுவதும்! "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவை சொன்ன இடம் ஒன்று. பறந்த இடம் வேறு!

கோள்கள் மீது குற்றம் இல்லை. தரையில் இருந்து அனுப்பிய கணக்குதான் தப்பு. அதைத் திருத்தச் சுமார் 11 மணி நேரம் பிடித்தது.

ரஷியக் கோள்களை மட்டும் நம்பிய கருவிகள் திண்டாடின. அமெரிக்கக் கோள்களையும் சேர்த்துக் கேட்ட கருவிகளில், சில மட்டும் பொய்யைக் கண்டுபிடித்து ஒதுக்கின.

மணி என்ன?

செயற்கைக் கோள் ஓயாமல் சொல்லுவது இரண்டே செய்திதான். "நான் இருக்கும் இடம் இது. இப்போது மணி இது."

செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கைபேசி பார்க்கிறது. அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. 4 கோள்களின் செய்தி கிடைத்தால், நாம் நிற்கும் இடம் தெரிந்து விடும்.

ரேடியோ அலை ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். ஆகவே, கடிகாரம் ஒரு வினாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் போதும். 300 மீட்டர் தூரம் தவறி விடும்!

யார் கெட்டிக்காரர்?

கோள் சொல்லும் இடத்திலும் மணியிலும் உள்ள பிழையை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2018–ல் வெளியான கணக்கு இது: ஐரோப்பாவின் "கலிலியோ" சுமார் 20 சென்டி மீட்டர். அமெரிக்காவின் "ஜி.பி.எஸ்." சுமார் 60 சென்டி மீட்டர். ரஷியக் கோள்கள் சுமார் 2 மீட்டர்.

கலிலியோவின் வெற்றிக்குக் காரணம், அதில் உள்ள ஹைட்ரஜன் கடிகாரம். ஆனால் கெட்டிக்காரனும் படுத்துக் கொள்வது உண்டு. 2019 ஜூலையில் தரை நிலையத்தில் கோளாறு. புதுக் கணக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 6 நாள் சேவை நின்று விட்டது!

அமெரிக்காவின் கதை வேறு. பொது மக்களுக்குப் போகும் செய்தியில் வேண்டும் என்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை இடம் தவறியது. வழி கேட்டவனுக்கு அடுத்த தெருவைக் காட்டுவது போல! 2000–ம் ஆண்டு மே மாதம்தான் இதை நிறுத்தினார்கள்.

சீனாவின் "பெய்டோ" கோள்கள் ஒன்றோடு ஒன்று பேசிக் கணக்கைச் சரி பார்த்துக் கொள்கின்றன. வெளி நாடுகளில் தரை நிலையம் குறைவு என்பதால் இந்த ஏற்பாடு.

நம் கடிகாரம்

இந்தியாவின் "நாவிக்" திட்டத்தில் முதல் கோள் 2013–ல் பறந்தது. அதில் வெளி நாட்டில் வாங்கிய 3 கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் பழுதாகி விட்டன! கோள் நன்றாக இருந்தும், வழி காட்ட உதவவில்லை. 2023 மே மாதம் பறந்த கோளில் இந்தியாவிலேயே செய்த கடிகாரம் வைக்கப்பட்டது.

வாசலில் நின்றாலும்...

வீட்டு வாசலில் நிற்கும்போதே, "பக்கத்துத் தெரு" என்று கைபேசி காட்டுகிறதா? அதற்குக் கோளைத் திட்ட வேண்டாம். உயர்ந்த கட்டிடங்களின் சுவரில் மோதி, அலை சுற்றி வந்திருக்கும். பல கைபேசிகள் இப்போது நாலைந்து நாட்டுக் கோள்களையும் கேட்கின்றன. ஒன்று சுவரில் மறைந்தாலும், இன்னொன்று தலைக்கு மேலே இருக்கும்.