ஆறு சேரும் இடம் – 9: நட்ட கன்று பிழைத்ததா?

சென்ற வாரம் சுங்கை பத்துவில் நின்றோம். செம்பனைத் தோட்டத்துக்கு அடியிலிருந்து படித்துறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிவந்த கதையைப் பார்த்தோம். 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்திறங்கிய கடாரத்தின் கரை எங்கே இருந்திருக்கும் என்றும் யோசித்தோம். இன்று அந்தப் படித்துறைகளுக்குப் பக்கத்தில் கடல் இல்லை. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படியப் படியக் கரை மேற்கே நகர்ந்துவிட்டது. அந்த வண்டலை வேரால் பிடித்து நிறுத்தியது அலையாத்திக் காடு. நம் ஊர்ப் பேச்சில் பாக்காவ் காடு. இந்த வாரம் அந்தக் காட்டையும், அதை மீண்டும் நட்டு வளர்க்கச் சேற்றில் இறங்கும் மாணவர்களையும் பற்றி எழுதுகிறேன்.

கெடாவின் புக்கிட் செலம்பாவில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். கித்தா மரமும் பிறகு செம்பனையும் பார்த்து வளர்ந்த ஊர் அது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கடல் இல்லை. ஆனால் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் கதை வேறு. சுங்கைப் பட்டாணி என்று நாம் ஊருக்குச் சொல்லும் பெயர் முதலில் ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆறு மெர்போக் ஆற்றில் சேர்கிறது. மெர்போக், தஞ்சோங் டாவாய் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தெற்கே மூடா ஆறு கோத்தா கோலா மூடாவை ஒட்டிக் கடலில் விழுகிறது. தோட்டத்து வாய்க்காலில் போகும் மழைநீரும், அதில் கரைந்த உரமும், களைக்கொல்லியும், யாரோ வீசிய பிளாஸ்டிக் பையும் கடைசியில் சேரும் இடம் பாக்காவ் வேர்தான். ஆகவே புக்கிட் செலம்பாவ் மாணவனும் கரையோரத்துப் பிள்ளைதான்.

கோத்தா கோலா மூடாவுக்குப் போனவர்கள் அங்குள்ள பாசார் பீசிக் மீன் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். படகு கரை சேர்ந்ததும் வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து மீனவர் காதில் விலையைக் கிசுகிசுப்பார்கள். கூச்சலே இல்லாத ஏலம். இந்தக் கரையைச் சுனாமி தாக்கிய நாள் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. நண்பகல் கடந்து அலை இந்தக் கரைக்கு வந்தது. நாடு முழுவதும் 68 பேர் இறந்தார்கள். பினாங்கில் மட்டும் 52 பேர். கெடாவில் அதிகம் அடிபட்டது இந்த வட்டாரம். உடைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னமும், ஒரு சுனாமி காட்சிக்கூடமும் இன்றும் அங்கே இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

சுனாமிக்குப் பிறகு பாக்காவ் மரத்தைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. 2005இல் மத்திய அரசு நாட்டின் கரையோரங்களில் பாக்காவும் ஏற்ற பிற மரங்களும் நடும் திட்டத்தைத் தொடங்கியது. வனத்துறையும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் அதை நடத்தின. ஆனால் அதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு. 1994இல் தொடங்கிய பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கம் 1997 முதலே பாக்காவ் நட்டுவந்தது. இலியாஸ் ஷாஃபி அதன் தலைவர்களில் ஒருவர். இறால் பண்ணைக்காகக் காடு அழிந்ததும் வலையில் மீன் குறைந்ததை நேரில் கண்டு, தங்கள் பிழைப்புக்காகச் சேற்றில் இறங்கியவர்கள் அவர்கள். பிறகு பள்ளி மாணவர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் கூட்டிவந்து கற்றுக்கொடுத்தார்கள். துணை நின்றது 1977இல் பிறந்த சஹபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. அதையும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் பல்லாண்டு தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர். 2019இல் மறைந்தார். மலேசியத் தமிழர் பொதுவாழ்வைப் பேசும்போது அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

நடும் நாள் எப்படி இருக்கும்? முதல் வேலை கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்ப்பது. நீர் வற்றத் தொடங்கும் நேரத்துக்குப் பேருந்து கரைக்கு வந்துவிட வேண்டும். மறுபடி நீர் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். சேறு முதலில் கணுக்கால் வரை, பத்தடி போனால் முழங்கால் வரை. காலை நேரே இழுத்தால் காலணி உள்ளேயே தங்கிவிடும். குதிகாலை முதலில் அசைத்துக் காற்றை உள்ளே விட்டு, பிறகு தூக்க வேண்டும். மீனவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

பாக்காவ் விதை மற்ற விதை மாதிரி இல்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். பச்சை முருங்கைக்காய் போல நீண்டு, கீழ் நுனி கூர்ந்து நிற்கும். பாக்காவ் குராப் வகையில் இரண்டடிக்கு மேல்கூட வளரும். முற்றியதும் விழும். சேறு கிடைத்தால் ஊன்றிக்கொள்ளும், தண்ணீர் கிடைத்தால் மிதந்து போய் எங்கோ கரை சேரும். கையால் நடும்போது கூரான பக்கம் கீழே இருக்கும்படி மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் அழுத்தினால் போதும். நாற்றங்காலில் வளர்த்த கன்று என்றால் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டு நட வேண்டும். கழற்றிய பையைக் கையோடு கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நட்ட இடத்திலேயே பைகள் மிதப்பதைப் பல கரைகளில் காண முடிகிறது.

நடும் இடைவெளிக்கும் கணக்கு உண்டு. பேராவில் மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டேர். 1902இலிருந்தே அதை முறைப்படி பராமரித்து, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடி வளர்க்கிறார்கள். அங்கே பாக்காவ் மினியாக் வகைக்கு நான்கடி இடைவெளி, பாக்காவ் குராப்புக்கு ஆறடி. இப்படி அளந்து செய்யும் பழக்கம் இந்த நாட்டிலேயே நூறு வருடமாக இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. நட்டவற்றில் பெரும்பகுதி சாகிறது.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்தி நடப்பட்டது. 2017இல் வெளிவந்த ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. பிலிப்பைன்ஸில் பல கோடி பெசோ செலவழித்த திட்டங்களிலும் பிழைத்தது நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரைதான் என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. நட்டவர்கள் மனமாரத்தான் நட்டார்கள். நட்ட இடம் சரியில்லை.

இதற்கான விளக்கம் நம் மலாயாவிலேயே எழுதப்பட்டது. 1928இல் ஜே.ஜி. வாட்சன் என்ற வன அதிகாரி மலாய் தீபகற்பத்து அலையாத்திக் காடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கடல்நீர் எத்தனை முறை ஏறி நனைக்கிறது என்பதைக் கொண்டு கரையை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். எல்லா ஏற்றமும் நனைக்கும் தாழ்ந்த சேற்றில் அநேகமாக எதுவும் நிற்காது. அதற்கடுத்த மேட்டில் அப்பி-அப்பி, பெரெப்பாட் என்ற மரங்கள் முன்னணியில் நிற்கும். அவற்றுக்குப் பின்னால், வழக்கமான ஏற்றம் தொடும் இடம்தான் பாக்காவுக்கு உரியது. இன்னும் உள்ளே, பௌர்ணமி அமாவாசை ஏற்றம் மட்டும் எட்டும் இடத்தில் வேறு மரங்கள் வரும். சிதம்பரத்தின் தல மரமான தில்லையும் அந்த மேட்டுப் பக்கத்து மரம்தான். உலகமே இன்றும் வாட்சனின் அந்தப் பிரிவை எடுத்தாள்கிறது.

பாக்காவ் விதை பெரியது, பொறுக்க எளிது, குத்தி நடவும் எளிது. ஆகவே எல்லோரும் பாக்காவைத்தான் நடுகிறார்கள். சேற்று வெளி திறந்து கிடக்கிறது, அது யாருக்கும் பட்டா இல்லாத நிலம், பேருந்திலிருந்து இறங்கினால் பக்கம். ஆகவே அங்கேதான் நடுகிறார்கள். அது அப்பி-அப்பியே தயங்கும் தாழ்வு. கன்று நாளில் பாதி நேரம் மூழ்கிக் கிடக்கும். தண்டில் கொட்டலசு ஒட்டிக் கனம் ஏறிச் சாயும். நண்டு கடிக்கும். குரங்கு பிடுங்கும். அலை இழுக்கும். அந்தச் சேற்று வெளி வெறும் நிலமும் அல்ல. கெராங் சிப்பி விளையும் இடம் அது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இரை தேடும் இடமும் அதுதான். அலை வலுவாக அடிக்கும் கரையில் நட்டே தீர வேண்டும் என்றால் அது பொறியியல் வேலை. சிலாங்கூரில் சுங்கை ஹாஜி டோரானியில் மணல் நிரப்பிய பெரிய குழாய்ப் பைகளைக் கடலில் அணையாகப் போட்டு அலையைத் தணித்த பிறகுதான் கன்று வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் மாணவர் குழு செய்து முடிக்கும் காரியம் அல்ல அது.

தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. முன்பு மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்றம் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். அதன் பிறகு நட்டது வளர்ந்தது. பக்கத்திலே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் பேராசிரியர் கதிரேசனும் மாணவர்களும் 1990களின் தொடக்கத்திலிருந்தே வெள்ளாற்றுக் கரையில் அலையாத்தி வளர்த்தார்கள். அவர்களிடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவது ஒன்றுதான்: நட்ட இடத்துக்கு அவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

கதிரேசன் 2005இல் 18 மீனவக் குப்பங்களை ஒப்பிட்டு, அலையாத்திக்குப் பின்னால் இருந்தவை சுனாமியில் குறைவாக இழந்தன என்று எழுதினார். மறு ஆண்டே மற்ற அறிஞர்கள் மறுத்தார்கள். ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் உண்மைக் காரணம் என்றார்கள். இந்த விவாதத்தை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. பெரும் சுனாமியைக் காடு தடுத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தால், எச்சரிக்கை மணி அடிக்கும்போது அவர்கள் ஓட மாட்டார்கள். அன்றாடக் காற்றலையை அது அடக்குகிறது என்பது உறுதி. 100 மீட்டர் காட்டைக் கடக்கும் அலையின் உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்கக் கரையை அரிப்பது அந்த அலைதான். அதற்கு மேல் இறால், நண்டு, கொடுவா எல்லாம் குஞ்சாக வளர்வதும் இந்த வேர்களுக்கு நடுவில்தான்.

மெர்போக் கழிமுகம் அலையாத்தி வகைகளின் எண்ணிக்கையில் உலகின் வளமான இடங்களில் ஒன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓங் ஜின் இயோங் போன்றவர்கள் பல்லாண்டு அதை ஆராய்ந்தார்கள். சேற்றுக்குள் எவ்வளவு கரிமம் புதைகிறது என்று உலகம் பேசத் தொடங்கும் முன்பே பேசியவர் அவர். அந்தக் காட்டின் ஒரு பகுதிதான் 1980களிலும் 90களிலும் இறால் குளமாக மாறியது. சில குளங்கள் இன்று கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. பழைய அலையாத்தி மண்ணைத் தோண்டிக் காற்றுப் பட வைத்தால் அது அமிலமாகும். இறாலும் நோயில் சாகும். அங்கே நூறு கன்று நடுவதைவிடக் குளத்தின் கரையை நான்கு இடத்தில் உடைத்து ஏற்றநீரை உள்ளே விடுவது மேல். விதை தானாக மிதந்து வரும். ஆனால் கரையை உடைக்க நில உரிமையாளரும் மாநில அரசும் இசைய வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல, பெரியவர்களாகிய நாம்.

அப்படியானால் மாணவர்கள் நட வேண்டாமா? கட்டாயம் நட வேண்டும். புறப்பாட மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள் என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மதிப்பெண்ணுக்காக வந்தவன் சேற்றைத் தொட்டு, ஒரு மட்ஸ்கிப்பர் மீன் வேரில் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போனாலும் எனக்குச் சம்மதம். நான் கேட்பது வேறு. எத்தனை கன்று நட்டோம் என்று பதாகையில் எழுதுகிறோம். ஓராண்டு கழித்து எத்தனை நிற்கிறது என்று எழுதும் பதாகையை எங்கும் காணோம்.

புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மெர்போக் காட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள மாணவர் சங்கங்களும் இதைப் படிக்கட்டும். நடுவதற்கு முன் வனத்துறையிடமும் அந்தக் கரை மீனவரிடமும் எந்த இடம், எந்த மரம் என்று கேளுங்கள். குறைவாக நடுங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும், ஓராண்டிலும் அதே பிள்ளைகளைக் கூட்டிப்போய் எண்ணச் சொல்லுங்கள். செத்ததையும் எழுதச் சொல்லுங்கள். கடலுக்குப் போக முடியாத மாதங்களில் தோட்டத்து வாய்க்காலில் என்ன மிதக்கிறது என்று பார்த்து எழுதட்டும், அதுவும் இதே வேலைதான்.

ஜூலை 26 அலையாத்திக் காடுகளுக்கான உலக நாள். யுனெஸ்கோ 2015இல் அறிவித்தது. அடுத்த ஜூலையில் இந்தத் தொடரில் அந்தக் கணக்குகளை வெளியிட விரும்புகிறேன். பள்ளியின் பெயரும், நட்ட இடமும் மரமும், நட்ட எண்ணிக்கையும் பிழைத்த எண்ணிக்கையும் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பத்தில் இரண்டுதான் பிழைத்தது என்றாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)