பசித்த மண்ணின் பூக்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்து 101 நெடுஞ்சாலையில் தெற்கே போனால் இடப்பக்கம் ஒரு நீண்ட மலை கூடவே வரும். கயோட்டி ரிட்ஜ் என்று பெயர். மே மாதம் தொடங்கி மறுபடி மழை இறங்கும்வரை காய்ந்த புல்லின் பழுப்பு நிறம்தான். யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை அதே சரிவுகள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். சாண் உயரம்கூட வராத கோல்டுஃபீல்ட்ஸ் செடிகள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் பூப்பதால் வரும் நிறம் அது. கிட்டே போய்க் குனிந்தால் மஞ்சளுக்குள் வேறு நிறங்களும் தெரியும்: இதழ் நுனியில் வெள்ளை விளிம்பு கட்டிய டைடி டிப்ஸ், வெளிர்மஞ்சள் கிரீம் கப்ஸ், ஊதா நிற ஆவுல்ஸ் குளோவர், செம்மஞ்சள் பாப்பி.

இத்தனை பூ பூக்கிற இடத்தில் மண் நல்ல கொழுத்த மண்ணாக இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் அந்த வட்டாரத்திலேயே மிக மோசமான மண் அதுதான். எந்த விவசாயியும் அதில் ஏர் பூட்ட மாட்டார். பூக்கள் அங்கே நிறைந்திருப்பதற்குக் காரணமே அந்த மோசம்தான் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்த மண் செர்பென்டைன் என்ற பச்சைக் கல்லிலிருந்து உதிர்ந்தது. பள்ளிப் பாடத்தில் பூமியின் மேலோட்டுக்குக் கீழே ‘கவசம்’ என்று படித்திருப்போமே, அந்த ஆழத்துப் பாறையில் கடலடியில் நீர் புகுந்து, அதன் கனிமங்களை மாற்றியதால் உண்டான கல் இது. கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழே நுழைந்துகொண்டிருந்த நீண்ட காலத்தில், அதன் துண்டுகள் பிய்ந்து கண்டத்தின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு மேலெழுந்தன. தொட்டால் வழுவழுப்பாக, மெழுகு பூசியதுபோல இருக்கும். 1965-இல் கலிஃபோர்னியா இதைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது.

மாநிலக் கல்தான்; செடிக்கு மட்டும் அது கொடுமை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் இந்த மண்ணில் குறைவு. சுண்ணாம்புச்சத்தும் குறைவு. மக்னீசியமோ அளவுக்கு மீறி இருக்கிறது. சாதாரண மண்ணில் இந்த விகிதம் தலைகீழ். வேர் வழக்கம்போல உறிஞ்சினால் மக்னீசியம் வந்து நிறையும், சுண்ணாம்புச்சத்து கிடைக்காமல் செடி நலியும். இது போதாதென்று நிக்கலும் குரோமியமும் வேறு. மண்ணடுக்கு மெல்லியது என்பதால் ஈரமும் நிற்பதில்லை.

இங்கே வாழும் செடிகள் இதற்கெல்லாம் வழி கண்டிருக்கின்றன. சுண்ணாம்புச்சத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மக்னீசியத்தை வாசலிலேயே தடுக்கும் வேர்கள் சிலவற்றுக்கு உண்டு. இந்த மலையில் வளரும் ஜுவல் ஃப்ளவருக்கு சியரா மலையடிவாரத்தில் ஓர் உறவுச்செடி இருக்கிறது. அது நிக்கலை இலைகளில் சேர்த்துவைத்து, கடிக்க வரும் பூச்சிக்கே நஞ்சாக்கிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜ் காப்பகத்தில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். அங்கே ஒரே செர்பென்டைன் சரிவில் பூக்கும் கோல்டுஃபீல்ட்ஸ் இரண்டு இனவகைகள். கீழ்ச்சரிவில் இருப்பது உப்புக் கனிமங்களின் மிகுதியைத் தாங்கும். மேட்டில் இருப்பது வறட்சியைத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே பூதான்.

நல்ல மண்ணில் இந்தப் பூக்களால் வளரவே முடியாது என்று அர்த்தமில்லை. அங்கே வேறு செடிகள் முந்திக்கொள்கின்றன. 1769-இல் ஸ்பானியர்கள் கலிஃபோர்னியாவில் குடியேறத் தொடங்கியபின், கால்நடைகளோடும் தீவனத்தோடும் மத்தியதரைக் கடல் நாடுகளின் புல்வகைகளும் வந்து சேர்ந்தன. அவை வேகமாக முளைப்பவை, உயரமாக வளர்பவை. குட்டைப் பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் மறைத்துவிடும். காய்ந்தபின் மண்மேல் தடித்த மெத்தையாகப் படிந்து, அடுத்த ஆண்டு விதை முளைக்கவும் இடம் தராது. இன்று கலிஃபோர்னியாவின் புல்வெளிகளில் பெரும்பகுதி இந்த அயல்புற்களின் கையில்தான் இருக்கிறது. செர்பென்டைன் மேடுகளில் மட்டும் தழைச்சத்து இல்லாமல் அவை தோற்றுப்போயின. சுற்றிலும் இடத்தை இழந்த பூர்விகப் பூக்களுக்கு அந்த மேடுகள் கடைசிப் புகலிடமாயின.

பூக்களை நம்பி இன்னொரு உயிரும் அங்கே ஒதுங்கியது. பே செக்கர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சி: கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளைக் கட்டங்கள் போட்ட சிறகு. இதன் புழு முக்கியமாகத் தின்பது இந்த மண்ணில் வளரும் ஒரு குட்டை வாழைப்பூண்டை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் முட்டை பொரிக்கும். பூண்டு காய்வதற்குள் புழு ஓரளவு வளர்ந்துவிட வேண்டும். அப்போதுதான் கல்லிடுக்கிலும் மண்வெடிப்பிலும் புகுந்து கோடை முழுவதும் உண்ணாமல் உறங்கிக் கிடக்க முடியும். வளர்வதற்குள் இலை காய்ந்துவிட்டால் செத்துப்போகும். பெரும்பாலான புழுக்களின் கதி அதுதான்.

இங்கேதான் மலையின் மேடுபள்ளம் உயிர் காக்கிறது. தெற்கு பார்த்த சரிவில் வெயில் நேராக விழும். அங்கே உறக்கம் கலைந்த கறுப்புப் புழு வெயில் காய்ந்து சீக்கிரம் வளரும், பட்டாம்பூச்சியும் சீக்கிரம் பறக்கும். ஆனால் அதன் முட்டைகளுக்கு வேண்டியது வடக்கு பார்த்த குளிர்ந்த சரிவு. அங்கே பூண்டு வாரக்கணக்கில் கூடுதலாகப் பச்சையாக இருக்கும். மழை மிகுந்த ஆண்டில் ஒரு சரிவு காப்பாற்றும், வறண்ட ஆண்டில் இன்னொன்று. கோஃபர் என்ற வளை எலி கிளறிப்போட்ட மண்ணில் வளரும் பூண்டு இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். அதுகூடச் சில புழுக்களுக்கு வாழ்வா சாவா என்கிற வேறுபாடு. சமதரையாக இருந்திருந்தால் இந்தப் பூச்சி எப்போதோ அழிந்திருக்கும்.

பால் எர்லிக் என்ற உயிரியலாளர் 1960 வாக்கில் ஜாஸ்பர் ரிட்ஜில் இந்தப் பட்டாம்பூச்சியை எண்ணத் தொடங்கினார். அவரும் மாணவர்களும் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, 1990-களின் இறுதியில், அங்கே அது அற்றுப்போனது. அமெரிக்க அரசு 1987-இலேயே அதை ஆபத்துக்குள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்திருந்தது. காப்பகமான செர்பென்டைன் மேடுகளை யாரும் உழவில்லை, வீடு கட்டவில்லை, வேலி போட்டுப் பாதுகாத்தார்கள். அப்படியும் பல இடங்களில் பூக்கள் குறைந்துகொண்டே வந்தன, அவற்றின் இடத்தில் இத்தாலிய ரைபுல் அடர்ந்தது. நூற்றாண்டுகளாக நுழைய முடியாத புல் இப்போது எப்படி நுழைந்தது?

விடையை 1999-இல் ஸ்டூவர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். புல்லுக்குத் தழைச்சத்து வானத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வாகனப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. அவற்றைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கிக் கருவியும் கொஞ்சம் அம்மோனியாவை வெளியே விடுகிறது. இரண்டுமே தழைச்சத்துதான். சான் ஹோசேயைச் சுற்றிய மலைகளில் இப்படி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 கிலோ நைட்ரஜன் படிகிறது என்று அவர் கணித்தார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஏக்கருக்குக் கால் மூட்டை யூரியா. நெல் வயலுக்கு அது காணாது. பட்டினிக்கே பழகிய மண்ணுக்கோ, ஆண்டு தவறாமல் விழும் அந்த உரம், புல்லுக்குக் கதவைத் திறந்துவிடப் போதுமாக இருந்தது.

உரம் போட்டால் பூ வகைகள் குறையும் என்பது புதிய செய்தியும் அல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே போடாத பாத்திகளில்தான் அங்கே இன்றைக்கும் செடிவகைகள் அதிகம். தழைச்சத்தை அள்ளிப் போட்ட பாத்திகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புற்களே மிஞ்சியிருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த உண்மைதான். காற்றும் உரம் போடும் என்பதுதான் யாருக்கும் எளிதில் தோன்றவில்லை.

வைஸின் ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது மாடுகளைப் பற்றிய பகுதி. மேய்ச்சலால் இயற்கை கெடும் என்ற நம்பிக்கையில் சில இடங்களில் மாடுகளை நிறுத்தினார்கள். அது நல்லெண்ணத்தில் செய்ததுதான். சில ஆண்டுகளிலேயே அங்கெல்லாம் ரைபுல் மண்டியது, வாழைப்பூண்டு மறைந்தது, பட்டாம்பூச்சிக் கூட்டங்கள் சரிந்தன. மாடு மேய்ந்த இடங்களில் பூக்கள் அப்படியே இருந்தன. மாடு உயரமான புல்லைத்தான் தேடித் தின்கிறது. தரையோடு கிடக்கும் குட்டைச் செடியை அது பொருட்படுத்துவதில்லை. இன்று கயோட்டி ரிட்ஜில் மாடு மேய்ப்பது பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு பகுதி. மனிதன் கைபடாமல் விட்டால் இயற்கை தானே தேறிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இந்த மலையைக் கட்டாயம் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நாம் உரம் போட்டுக்கொண்டே இருக்கும்போது மறுபக்கம் கைகட்டி நிற்பது பாதுகாப்பு ஆகாது.

வடமேற்கே, ரெட்வுட் சிட்டி அருகில் இருக்கும் எட்ஜ்வுட் காப்பகத்தின் கதையும் இதுதான். 467 ஏக்கர் மலை நிலம். 1980-களில் அங்கே கோல்ஃப் மைதானம் கட்டத் திட்டமிட்டார்கள். பூக்களுக்காக ஊர்மக்கள் விடாமல் போராடியதால், 1993-இல் அது இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோல்ஃப் மைதானத்தைத் தடுக்க முடிந்தது. அருகிலேயே ஓடும் 280 நெடுஞ்சாலையின் புகையைத் தடுக்க முடியவில்லை. 2000-களின் தொடக்கத்தில் பட்டாம்பூச்சி அங்கேயும் அற்றுப்போனது. மாடு இல்லாத அந்த மலையில், புல் விதை பிடிப்பதற்கு முன்னால் நாள் பார்த்து வெட்டுகிறார்கள். அப்படிப் பூக்கள் மீண்ட சரிவுகளில், 2007-இலும் பின்னர் 2011 முதலும், கயோட்டி ரிட்ஜிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

சான் ஹோசே வட்டாரத்தில் 2013-இல் ஒப்புதல் பெற்ற வாழிடப் பாதுகாப்புத் திட்டம் இன்னொரு படி மேலே போனது. புதிய கட்டடம் கட்டுகிறவர்கள், அதனால் கூடும் வாகனப் போக்குவரத்துக்கு ஏற்ப நைட்ரஜன் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த நிலங்களை வாங்கிப் பராமரிக்க அந்தப் பணம் உதவுகிறது. புகையால் வரும் கேட்டுக்குப் புகையின் கணக்கிலேயே பணம் எடுப்பது நியாயமான ஏற்பாடு; மற்ற ஊர்களும் பின்பற்றத் தக்கது.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழர்கள் பலருக்கு 101-உம் 280-உம் அன்றாட அலுவலகப் பாதை. கயோட்டி ரிட்ஜ் காப்பகம் 2023 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அடுத்த ஏப்ரலில் ஒரு காலை வேளை ஏறிப் பாருங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அழைத்துப் போங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம், பூண்டுகளுக்கு அடியில் முட்டைகள் இருக்கும். மாடு எதிரே வந்தால் வழிவிடுங்கள். ஏப்ரல் தவறிவிட்டால் வடக்கு பார்த்த சரிவுகளுக்குப் போங்கள். அங்கே பூ கொஞ்சம் தாமதமாகத்தான் வாடும்.