உழாமல் உழுவது எப்படி?



2024 மே மாதம் வந்த சூரியப் புயல் ஞாபகம் இருக்கா? லண்டன்ல, டொராண்டோல இருந்த நம்ம ஆட்கள் பலர் நடுராத்திரி வெளியே ஓடிப்போய், வானத்தில் தெரிந்த பச்சை, இளஞ்சிவப்பு ஒளியைப் போட்டோ எடுத்தாங்க. அதே நேரத்தில் அமெரிக்காவின் நடுமேற்கில் சில விவசாயிகள் டிராக்டரை நிறுத்திட்டுக் காத்திருந்தாங்க. மக்காச்சோளம் விதைக்கிற சீசன். ஆனா ஜிபிஎஸ் தடுமாறிக்கிட்டு இருந்தது.

கோடு கொஞ்சம் கோணலா போனா என்ன ஆகிடும்? முழுசா உழுத வயல்னா பெரிசா ஒண்ணும் ஆகாது. ஸ்ட்ரிப்-டில் வயல்னா சிக்கல்தான். ஏன்னு புரிய கொஞ்சம் பின்னால போகணும்.

1837இல் இல்லினாய்ஸில் ஜான் டியர் என்ற கொல்லர், உடைந்த ரம்பத் தகட்டிலிருந்து ஒரு எஃகுக் கலப்பை செய்தார். பசை போல ஒட்டும் புல்வெளி மண்ணையும் அது புரட்டிப் போட்டது. இப்படிப் புரட்டிக்கொண்டே போனதற்கான பில் 1930களில் வந்தது. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சஸ் பக்கம் மழை பொய்த்தது. வேர் பிடிமானம் இல்லாத மண் காற்றோடு பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருட்டானது. அந்த நாளுக்குப் பெயர் ‘கருப்பு ஞாயிறு’. அந்த மாதமே மண் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது.

1943இல் எட்வர்ட் ஃபாக்னர் ஒரு புத்தகம் எழுதி, “எதுக்குத்தான் உழணும்?” என்ற கேள்வியைக் கிளப்பினார். தமிழில் யோசிச்சுப் பாருங்க: ‘உழவு’ன்னாலே விவசாயம். உழாத உழவர்னு சொன்னா சிரிப்பாங்க! உழுவதற்கு ஒரு முக்கியக் காரணம் களை. போருக்குப் பின் களைக்கொல்லிகள் வந்ததும் அந்தக் காரணம் பலவீனமானது. 1962இல் கென்டக்கியில் ஹாரி யங் உழாமலே மக்காச்சோளம் விதைத்தார். இதுதான் நோ-டில்.

ஆனா வடக்கே போனா வேற கதை. அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் தட்டை, மண்ணுக்குப் போர்வை மாதிரி. வசந்த காலத்திலும் மண் ஈரமா, குளிரா கிடக்கும். மக்காச்சோளம் முளைக்க மண்ணில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாவது வேணும். விளைச்சல் குறைஞ்சா கடன் யார் கட்டுவது? பலர் திரும்பவும் கலப்பைக்கே போனாங்க.

இதுக்கு நடுவழியா 1980, 90களில் இல்லினாய்ஸ், அயோவா பக்கம் பரவியதுதான் ஸ்ட்ரிப்-டில். தெற்கே அலபாமா பக்கம், அடியில் இறுகிப்போன மண்ணை உடைக்க இதுபோன்ற முறை அதுக்கு முன்னாடியே இருந்தது. வடக்கே செய்தது இதுதான்: இலையுதிர் காலத்தில், விதை விழப்போகும் இடத்தில் மட்டும் சுமார் 20 செ.மீ. அகலத்துக்கு மண்ணைக் கிளறி, அடியில் உரத்தை வைப்பது. வரிசைக்கு வரிசை 75 செ.மீ. இருப்பதால் பாதிக்கு மேற்பட்ட நிலத்தைத் தொடுவதே இல்லை. கிளறிய கருப்புப் பட்டையில் வெயில் பட்டு மண் சீக்கிரம் சூடாகும். இடையில் கிடக்கும் தட்டை மண்ணைக் காக்கும்.

ஒரே நிபந்தனை: ஆறு மாசம் கழிச்சு விதை அதே பட்டை மேல விழணும். ஒரு சாண் தள்ளி விழுந்தா, பட்டை போட்ட உழைப்பு வீண். முன்பு பட்டையைக் கண்ணால் பார்த்தே ஓட்டினாங்க. 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்குவதை அமெரிக்கா நிறுத்தியது. அப்புறம் ஆர்டிகே தொழில்நுட்பம் பரவி, இரண்டு மூன்று செ.மீ. துல்லியம் டிராக்டருக்கே கிடைத்தது. அந்த மே மாதப் புயலில் தடுமாறியது இதே துல்லியம்தான்.

ஸ்ட்ரிப்-டில் மந்திரம் இல்லை. களைக்கொல்லி இன்னும் தேவைப்படுது, மெஷின் விலையும் அதிகம். ஆனாலும் ஒரு பெரிய பிரச்சினைக்கு, எங்கே தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறதும் தீர்வா இருக்கலாம்.

உங்க தாத்தா பாட்டி வயலில் வேலை செஞ்சவங்களா? இந்த வாரம் போன் போட்டு, “விதைக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தடவை உழுவீங்க, ஏன்?”னு கேளுங்க. பதிலை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!