நெருஞ்சில் குடிநீரும் ஆய்வுக்கூடத்துக் கணக்கும்

விநாயகப் பெருமானுக்கு அறுகு சாத்துகிறோம். போகியன்று கொங்கு நாட்டு வீடுகளில் காப்புக் கட்டும் கொத்தில் வேம்பு, ஆவாரம்பூ ஆகியவற்றுடன் சிறுபீளையும் இடம்பெறுகிறது. இவற்றோடு, காலில் முள்ளாய்த் தைக்கும் நெருஞ்சிலையும் கீரையாகச் சமைக்கும் மூக்கிரட்டையையும் நம் மருத்துவ மரபு நீர்பெருக்கிகளாகக் கொண்டுள்ளது. நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, கால் வீக்கம் ஆகியவற்றுக்கு இத்தகைய மூலிகைகளைக் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பது இன்றும் வழக்கம். நம் வயதினர் இருவர் கோயில் மண்டபத்தில் அமர்ந்துவிட்டால், பேச்சு விரைவில் இங்கேதான் வந்து நிற்கும்.

இவை உண்மையிலேயே நீரைப் பெருக்குகின்றனவா? இரண்டு டம்ளர் கஷாயம் அருந்தியவருக்குச் சிறுநீர் மிகுதியாகத்தான் போகும். வெறும் வெந்நீர் அருந்தியிருந்தாலும் போயிருக்கும். மூலிகையின் வேலையை நீரின் வேலையிலிருந்து பிரித்தறிய வேண்டும். வங்கியில் வரவையும் செலவையும் ஒப்பிட்டே பழகிய எனக்கு, ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி மிகவும் பிடித்துப்போயிற்று.

1943-இல் லிப்ஷிட்ஸ் என்னும் அறிஞரும் உடன் உழைத்த இருவரும் வகுத்த முறை அது. எலிகளை இரவு முழுவதும் பட்டினி போடுவர். மறுநாள் எல்லா எலிகளுக்கும் எடைக்கேற்ப ஒரே விகிதத்தில் உப்புநீர் புகட்டுவர். ஒரு குழுவுக்கு அது மட்டுமே. மற்றொன்றுக்கு அதனுடன் மூலிகைச் சாறு. இன்னொன்றுக்கு, நீரைப் பெருக்கும் என்று முன்பே உறுதியான ஒரு மருந்து. லிப்ஷிட்ஸ் யூரியாவோடு ஒப்பிட்டார். இன்று பெரும்பாலும் ஃபுரோஸமைடு. நம்மில் பலர் காலையில் விழுங்கும் ‘லேசிக்ஸ்’ மாத்திரை அதுவே. சிறுநீர் தனியே வடியும் கூண்டில் எலிகளை விட்டு, ஐந்து மணி நேரம் அளப்பர். அதில் சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு வெளியேறின என்றும் பார்ப்பர். நீரோடு உப்பும் போனால்தான் வீக்கம் வடியும்.

நெருஞ்சில் இச்சோதனையில் நன்றாகவே தேறியது. 2003-இல் வெளியான ஆய்வொன்றில், அதன் நீர்ச்சாறு எலிகளில் ஃபுரோஸமைடைவிடச் சற்றே மிகுதியாகச் சிறுநீரைப் பெருக்கியது; சோடியமும் கூடுதலாக வெளியேறியது. உடன் சோதிக்கப்பட்ட மக்காச்சோளக் கதிரின் நாரோ, பல நாடுகளில் இதே பயனுக்குப் பெயர் பெற்றிருந்தும், குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. பழம்பெயர் பெற்றவை எல்லாம் தேறிவிடுவதில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். எலியின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் சாறு கொடுத்திருக்கிறார்கள். 60 கிலோ மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 300 கிராம். மருந்தியலார் அவ்வாறு பெருக்குவதில்லை. உடற்பரப்பைக் கொண்டு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைப்பர். அப்போதும் 50 கிராமுக்கு அருகில் வருகிறது. நாம் காய்ச்சும் ஒரு தேக்கரண்டிப் பொடி எங்கே, அது எங்கே!

மனிதரிடம் செய்த சோதனைகள் அரியவை. டேண்டிலயன் என்னும் மேலைநாட்டு மூலிகையின் இலைச்சாற்றை 17 பேருக்கு ஒரே நாளில் மூன்று வேளை கொடுத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலிரு வேளைகளில் பலன் தெரிந்தது. மூன்றாவதில் மாற்றமே இல்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்து மாதக்கணக்கில் அருந்துவதற்கு என்ன சொல்ல முடியும்?

மாத்திரையும் கஷாயமும் சேர்த்து அருந்துவோரே எனக்குக் கவலை தருகின்றனர். ஃபுரோஸமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும். எனாலப்ரில், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் அதை உடலில் தேக்கும். மூக்கிரட்டை வேரில் பொட்டாசியம் நைட்ரேட் உண்டு. இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பேருந்தில் அடிக்கடி இறங்க நேருமே என்று தலயாத்திரை நாட்களில் நீர் மாத்திரையை விட்டுவிட்டு, திரும்பியதும் நெருஞ்சில் குடிநீரால் சரிக்கட்டலாம் என்போரும் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு அந்தச் சில நாட்களிலேயே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். மாத்திரை வேளையை மாற்றிக்கொள்ள இயலுமா என்று புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள். அப்போது வீட்டில் அருந்தும் கஷாயத்தின் பெயரையும் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டை மட்டுமே எடுத்துச் செல்கிறோம்.